படத்தின் பின்புறம்

சில மாதங்களுக்கு முன்னர் இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் பழைய தபாலட்டை ஒன்றின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பழம்பொருட் கடையொன்றில் நாலைந்து பவுணுக்கு வாங்கியதாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் விற்பனைக்கு வந்த அட்டை. இளம்பெண் ஒருத்தி சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டபடி நிற்கிறாள். மூக்கிலும் காதிலும் நகை. கண்கள் படம் பிடிப்பவரைப் பார்க்கவில்லை. அவருக்குச் சற்று அப்பால் எதையோ பார்க்கின்றன. கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: 'தமிழ்ப் பெண், இலங்கை'. "எங்கடை பக்கத்து ஆளாய் இருக்குமோ?" என்று நண்பர் கேட்டிருந்தார்.

அட்டையின் பின்புறத்தையும் அனுப்பும்படி எழுதினேன். மறுநாளே அனுப்பினார். பெறுபவரின் பெயரும் வீட்டிலக்கமும் தெருவும் ஊரும் முழுமையாக இருந்தன. கப்பல் நாளை புறப்படுகிறது, வெயில் தாங்க முடியவில்லை என்று நாலு வரி. முன்புறத்தில் நிற்பவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆகவேதான் அந்த ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்தது. ஏன் என்பதைச் சொல்ல முதலில் புளியங்குளத்துக்குப் போகவேண்டும்.

வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் வடக்கே சென்றால் ஓமந்தைக்கு அப்பால் வருவது புளியங்குளம். நெடுங்கேணிக்கும் முல்லைத்தீவுப் பக்கத்துக்கும் வீதி பிரிகின்ற சந்தி. ஒரு சிறிய புகையிரத நிலையம். குளமும் வயலும் அவற்றைச் சூழ்ந்த காடும். என் பெரியம்மா வாழ்க்கைப்பட்டுப் போன ஊர். அவர் வீட்டு முன்விறாந்தைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அறுபதுகளில், கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், வவுனியா நகர ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் திரையில் வரைந்த படிக்கட்டும் மாடமும். பக்கத்தில் ஒரு சிறு மேசை, அதன்மேல் காகிதப்பூச் சாடி. பெரியம்மாவின் வலது கை அந்த மேசையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். கழுத்தில் கிடந்த அட்டியல் இரவல். கமரா ஆயுளைக் குறைக்கும், மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுக்கக்கூடாது என்றெல்லாம் நம்பிய தலைமுறை அது. ஆனாலும் பெண்பிள்ளையைப் படம் பிடிக்காமல் கல்யாணம் பேச முடியாது என்ற நிலையும் அப்போது வந்துவிட்டது. சாதகக் குறிப்போடு படமும் போகவேண்டும்.

பெரியம்மாவுக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு குறை. "என்னை வெள்ளையாக்கிப்போட்டான்" என்பார். ஸ்ரூடியோக்காரர்கள் நெகற்றிவ்வில் பென்சிலால் தடவி முகத்தை வெளிறச் செய்வது அக்காலத்தில் சாதாரணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பிடிக்கும் என்பது அந்தப் பென்சிலுக்குத் தெரியும். குறை சொன்னாலும் படத்தை அவர் ஒருநாளும் சுவரிலிருந்து கழற்றவில்லை. வீட்டுக்கு வருபவர் எவரையும் அதைக் காட்டாமல் அனுப்பியதும் இல்லை.

இலங்கையில் பெண்களின் நிழற்படம் எங்கிருந்து தொடங்கியது என்று தேடினால் ஒரு விசித்திரமான பெயர் எதிர்ப்படும். ஜூலியா மார்கரெட் கமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 48 வயதில் மகளிடமிருந்து ஒரு கமராவைப் பரிசாகப் பெற்று, பத்து வருடத்துக்குள் அக்காலத்தின் மிகச் சிறந்த உருவப்படக் கலைஞர்களில் ஒருவரானவர். இவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன்; நமது வரலாற்றுப் பாடப்புத்தகங்களில் வரும் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன். 1833 ஆம் ஆண்டு இத்தீவு முழுவதையும் ஒரே நிருவாகத்தின் கீழ் கொண்டுவந்த சீர்திருத்தத்தை நம்மவர்கள் மேடைக்கு மேடை பேசுவார்கள். அந்தச் சீர்திருத்தக்காரரின் மனைவி நம் நாட்டு மக்களைப் படம் பிடித்த கதையை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

தம்பதியர் 1875 இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். கமரனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879 ஜனவரியில் ஜூலியா இறந்தார். பொகவந்தலாவை தேவாலய முற்றத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 30 படங்களுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை உள்ளூர் மக்களுடையவை. தோட்டத் தொழிலாளரும் களுத்துறைக் கிராமத்தவரும்.

அக்காலத்து ஈரத்தட்டு முறையில் படம் எடுப்பதென்றால் கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவவேண்டும். கமரன் அம்மையாருக்கு முன்னால் இருப்பவர் பல விநாடிகள், சில வேளைகளில் நிமிடக்கணக்கில், அசையாமல் இருக்கவேண்டும். அந்தப் படங்களில் எவரும் சிரிக்காததற்குக் காரணம் சோகம் மட்டுமல்ல. இன்னொன்றும் உண்டு. அந்த இரசாயனம் நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். சிவப்பையும் மஞ்சளையும் கிட்டத்தட்டக் கறுப்பாகவே காட்டும். நமது பெண்களின் குங்குமமும் அரக்குச் சேலையும் மாநிறமும் அதில் உள்ளதைவிடக் கறுத்தே விழுந்தன. வெள்ளைக்காரர் நம்மைப் பார்த்த முதற் படங்கள் நம்மைக் கறுப்பாக்கின. நமது ஸ்ரூடியோக்காரர் தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகு பெரியம்மாவை வெள்ளையாக்கினார். சரியான நிறத்தில் அவர் எந்தத் தட்டிலும் விழவில்லை.

நிறத்தைவிட முக்கியமானது பெயர். இங்கிலாந்தில் இருந்தபோது கமரன் அம்மையார் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக வேடமிட்டு எத்தனையோ படங்கள் எடுத்தார். வேலைக்காரியென்றாலும் அவள் பெயர் கலைவரலாற்றில் நிலைத்துவிட்டது. இலங்கைப் பெண்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1877 அளவில் மரியான் நோத் என்ற ஓவியர் களுத்துறைக்கு விருந்தினராக வந்தபோது அவரையும் கமரன் அம்மையார் விடவில்லை. கம்பளித் துணிகளைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, கூரிய தென்னோலைகள் தலையில் குத்த நிற்கவைத்தார் என்று நோத் பின்னர் தம் நினைவுக்குறிப்பில் வேடிக்கையாக எழுதினார். நோத்தால் எழுத முடிந்தது. அதே முற்றத்தில், அதே வெயிலில் நின்ற களுத்துறைப் பெண்ணும் வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லித்தான் இருப்பாள்.

கமரன் அம்மையார் கலைஞர்; முகத்தைத் தேடியவர். அவரைச் சுற்றியிருந்த காலம் முகத்தை அல்ல, இனத்தைத் தேடியது. 1868 தொடக்கம் 1875 வரை ஆங்கில அரசு 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. 450 க்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாதியின் அல்லது குலத்தின் மாதிரி. 1869 இல் லாம்பிரி என்ற ஆங்கிலேயர் பட்டுநூலால் சதுரங்கட்டிய ஒரு திரையை மக்களுக்குப் பின்னால் நிறுத்திப் படமெடுத்து உடலை அளக்கும் முறையொன்றை முன்மொழிந்தார். பின்னர் வந்தது தபாலட்டைக் காலம். கொழும்பில் 1890 இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் அதையொத்த மற்றவையும் இலங்கையைக் கப்பற் பயணிகளுக்குச் சிறு அட்டைகளாக விற்றன. யானை, தென்னந்தோப்பு, கண்டிப் பெரஹரா, கொழுந்து கிள்ளும் பெண், 'தமிழ்ப் பெண்'.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். பெயரில்லாமை எப்போதும் அவமதிப்பல்ல. அதைப் புளியங்குளம்தான் எனக்குக் கற்பித்தது.

1997 மே 13 இல் 'ஜெயசிக்குறு' படைநடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து கண்டி வீதியைப் பிடிப்பதே நோக்கம். புளியங்குளம் மாதக்கணக்காகப் போர்முனையானது. பெரியம்மாவின் குடும்பம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி மாங்குளம் தாண்டி மல்லாவிப் பக்கம் போயிற்று. நெல்மூடை, காணி உறுதி, அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஏறின. சுவரிலிருந்த படம் ஏறவில்லை. "திரும்பி வரத்தானே போறம் எண்டு நினைச்சம்" என்றார் பிறகு. 2002 இல் போர்நிறுத்தத்தோடு திரும்பி வந்தபோது படமும் இல்லை, அது தொங்கிய சுவரும் இல்லை.

அந்த வருடங்களில் வன்னியில் மின்சாரம் கிடையாது. மின்கலம்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். அங்கிருந்து கொழும்புப் பத்திரிகைகளுக்கு வந்த ஒவ்வொரு படமும் அரிது. மரத்தடியில் சமைக்கும் பெண், பிள்ளையை இடுப்பில் ஏந்தி நடக்கும் பெண், நிவாரண வரிசையில் நிற்கும் பெண். 'இடம்பெயர்ந்த தாய் ஒருவர்' என்று நாங்கள் கீழே எழுதினோம். பெயரை எழுதியிருந்தால் அவருடைய தம்பியோ மகனோ வவுனியாவில் ஒரு சோதனைச்சாவடியில் மாட்டியிருக்கக்கூடும். அந்த 'ஒருவர்' என்ற சொல் அப்போது ஒரு கவசம். போர் முடிந்த பிறகும் நாங்கள் அதைக் கழற்றி வைக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. முதலாவது குற்றவாளி நானே.

போர்க்காலத்தில் வன்னிப் பெண்ணுக்கு இன்னொரு படமும் இருந்தது. 1987 ஒக்ரோபர் 10 இல் கோப்பாயில் இந்தியப் படையுடனான மோதலில் மாலதி இறந்தார்; விடுதலைப் புலிகளின் முதற் பெண் மாவீரர் என்று அவருடைய படம் ஊரெங்கும் வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான படங்கள். சீருடை, மடித்துக் கட்டிய பின்னல், நேரான பார்வை. இவற்றின் கீழே பெயர் இருந்தது; உண்மையில் இரண்டு பெயர்கள் இருந்தன, இயக்கப்பெயரும் இயற்பெயரும். ஊரும் இறந்த திகதியும்கூட. தபாலட்டைப் பெண்ணுக்குக் கிடைக்காத அத்தனையும். ஆயினும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிற்கும் விதமும் பார்க்கும் விதமும் ஒன்றே. வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர்களோ அவர்களைத் துவக்கோடு நிறுத்தி இன்னொரு தபாலட்டையாக்கினார்கள். பல தாய்மார் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே பாடசாலைச் சீருடையில் இரட்டைப் பின்னலோடு மகள் நிற்கும் பழைய படத்தையும் வைத்திருந்தார்கள். 2009 இல் சீருடைப் படங்களை எரித்தார்கள், அல்லது நிலத்தில் புதைத்தார்கள். முள்ளிவாய்க்கால் மணலில் கல்யாண அல்பங்களும் அடையாள அட்டைகளும் சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர். வென்றவர்களின் கைபேசிகள் பெண்களின் உடல்களை எடுத்த படங்களை 2011 இலும் அதற்குப் பின்னரும் சனல் 4 உலகுக்குக் காட்டியது. அவற்றை உருவப்படம் என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

2002 க்குப் பிந்திய அமைதிக் காலத்துக்குத் திரும்புகிறேன். கண்டி வீதியில் போகிறவர்களுக்கு ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச்சாவடி. புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளுடையது. இரண்டிலும் ஒன்றுதான் நடந்தது. அடையாள அட்டையை வாங்குவார்கள், படத்தைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டை இந்நாட்டுப் பெண்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதற் படத்தைக் கொடுத்தது. அதில் பெயர் இருக்கும். மேசையில்லை, பூச்சாடியில்லை, இரவல் அட்டியலும் இல்லை.

பெரியம்மா 2005 இல் இறந்தார். மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது வீட்டில் இருந்தது அடையாள அட்டை ஒன்றுதான். அதிலிருந்த தபால்தலை அளவான முகத்தைப் பெருப்பித்தார்கள். கண்கள் அகன்று, வாய் இறுகி, ஏதோ விசாரணையில் அகப்பட்டவர்போல இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு இன்று தெரிந்த பெரியம்மா அவர்தான். ரொறன்ரோவில் ஒரு வீட்டிலும் பாரிசில் ஒரு வீட்டிலும் அந்த முகம் மாலையோடு தொங்குகிறது. வெள்ளையாக்கிய அந்தப் பொய்ப்படம் எவ்வளவோ உண்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் எப்படி நிற்பது, எதைக் கட்டுவது என்பதையாவது அவர் ஓரளவு தீர்மானித்தார்.

இந்த வரலாற்றைக் கலைஞர்கள் பத்திரிகையாளரைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்ற படப்பிடிப்பாளருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்' என்று ஒரு படத்தொடர் செய்தார். ரவிவர்மாவின் ஓவியப் பெண், பத்திரிகையில் வந்த பொலிஸ் படத்துப் பெண், சதுரத் திரைக்கு முன்னால் அளக்கப்பட்ட பழங்குடிப் பெண் என ஒவ்வொரு மாதிரியாகவும் தாமே வேடமிட்டு நின்றார். படம் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரே என்றானதும் அந்த மாதிரிகளின் பொய் தானாக வெளுத்தது. கொழும்புக் கலைஞர் அனோலி பெரேரா 2010–2011 இல் செய்த தொடர் இன்னும் எளிமையானது. பழைய ஸ்ரூடியோப் படங்களின் பாணியில் பெண்கள் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அவிழ்ந்த கூந்தல் முன்பக்கம் விழுந்து முகத்தை முழுவதும் மறைக்கிறது. 'என் கூந்தலை அவிழ்த்துவிட்டேன்' என்று தலைப்பு. எதிர்ப்புத் தொடர் என்று துணைத்தலைப்பு.

ஒரு தமிழ் வாசகனுக்கு அவிழ்ந்த கூந்தல் என்றால் விளக்கம் தேவையில்லை. பாஞ்சாலி முடியாமல் விட்டது. கண்ணகி பாண்டியன் முன் விரித்து வந்தது. மதுரையை எரித்த கண்ணகி தங்கிய பத்தாவது இடமென்று, 'பத்தாம்பளை' மருவியதாகச் சொல்லப்படும் வற்றாப்பளையில் வைகாசி தோறும் வன்னி முழுவதும் கூடுகிறது. ஆகவே அனோலியின் படங்கள் எனக்கு உடனே புரிந்தன. புரிந்த கையோடு ஓர் உறுத்தலும் வந்தது. முகத்தை மறைப்பது எதிர்ப்பாவதற்கு முதலில் ஒரு முகப்படம் கைவசம் இருக்கவேண்டும். பாட்டியின் ஸ்ரூடியோப் படம் சுவரில் இருக்கும் வீட்டுப் பெண்ணால் அதைத் திருப்பி எழுத முடியும். வன்னியில் அந்தச் சுவரே இல்லை. இது அனோலியின் குறையல்ல. இரண்டு நிலங்களின் வேறுபாடு.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும், சில நாட்களில் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வீதியோரக் கொட்டகை, உள்ளே வரிசையாகத் தாய்மார், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். அந்தப் படங்களைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறேன். கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்த முகம், பாடசாலை மாணவர் அட்டை முகம், அடையாள அட்டை முகம். பெருப்பித்து, பிளாஸ்ரிக் உறையிட்டவை. மழைநீர் உள்ளே புகுந்து சில முகங்கள் நீலம்பாரித்திருந்தன. கொட்டகைக்கு வந்த எத்தனையோ படப்பிடிப்பாளர்களைப் போல நானும் படம் எடுத்தேன். 'மகனின் படத்துடன் தாய் ஒருவர்' என்று எழுதினேன்.

அடுத்த தடவை போனபோது அந்த அம்மா பத்திரிகைத் துண்டை மடித்து வைத்திருந்தார்.

"தம்பி, மகன்ரை பேரை உள்ளுக்கை எழுதியிருக்கிறியள். நல்லம். என்ரை பேரை எழுதேல்லையே?"

பெயர் போடுவது விருப்பமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன் என்றேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை. அவருடைய முழுப்பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் மகனின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "என்னை மட்டும் ஒரு படம் எடுத்துத் தருவியளோ?" என்றார். "இதுக்கை இருந்த நாலு பேர் போட்டினம். ஒருத்தற்றை செத்தவீட்டிலையும் ஒழுங்கான படம் இல்லை. எல்லாத்திலையும் அழுதுகொண்டுதான் நிக்கினம்."

மகனின் படத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கழுத்து அட்டையைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலையைக் கையால் தடவிப் படியவைத்து, திருநீறு கலைந்திருக்கிறதா என்று பக்கத்தவரிடம் கேட்டுச் சரிசெய்தார். கொட்டகைத் தறப்பாளின் நீல நிறம் பின்னால் தெரியக்கூடாது என்று சொல்லி, வெளியே வேப்பமரத்தடிக்குத் தாமே நடந்து போய் நின்றார். வலது கையை எங்கே வைப்பது என்று சிறிது நேரம் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மரத்தில் வைத்தார்.

அடுத்த கிழமை இரண்டு பிரதிகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "வயது போட்டுது" என்றார். ஒன்றைப் பைக்குள் வைத்தார். மற்றதைப் புரட்டி, என் பேனாவை வாங்கி, பின்புறத்தில் தம் பெயரை எழுதினார். அதற்குக் கீழே ஊரையும் எழுதி என்னிடம் தந்தார். புளியங்குளம் என்றிருந்தது.